மடிப்புக்குள் இருக்கும் துணி

கொழும்பில் வாழும் ஒருவர் பூட்டிக் ஒன்றின் டிசைனர் விற்பனையில் வாங்கிய உடுப்பு தோளில் இழுத்தால், மறுநாளே ஓட்டோ பிடித்துப் போய்க் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அக்கரைப்பற்றிலிருந்து போய் வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று தெற்கே சுற்றிக்கொண்டு நம் ஊருக்கு வருகிறது. வேறு வழியால் போனாலும் இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் இறங்கும் தூரம்தான். ஒரு கையின் நீளத்தைக் குறைப்பதற்காக யாரும் அந்தத் தூரத்தை இரண்டாம் முறை போவதில்லை. உடுப்பு அலுமாரியில் தொங்கும். ஒரு பெருநாள் போகும், ஒரு கல்யாணம் போகும், பிறகு தங்கைக்கோ மச்சிக்கோ கைமாறும். இந்த அத்தியாயத்தை அந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெரிய பெயர்களின் ஆயத்த ஆடை விற்பனைக்குப் போகும் நம் ஊரார், யார் வடிவமைத்தது, எவ்வளவு கழிவு என்று கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: இதை நம் ஊர்த் தையல்காரரால் பிரித்துத் தைக்க முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கொழுவியிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

ஆயத்த ஆடை என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் போட வேண்டியதுதான் என்று அது சொல்கிறது. பாரிஸின் பெரிய தையல் வீடுகளில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக அளவெடுத்து, தைக்கும்போதே பல தடவை அவர் உடம்பில் வைத்துப் பார்த்துத் திருத்தி, கையால் முடிப்பது வழக்கம். அந்த முறைக்குரிய 'ஓட் கூத்தூர்' என்ற பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதைக்கூட பிரான்ஸ் 1945 இல் சட்டத்தால் வரையறுத்தது. அதே நகரில் 1966 செப்டெம்பரில் இவ் சேன் லோரன், டூர்னோன் வீதியில் 'ரிவ் கோஷ்' என்ற கடையைத் திறந்து, தன் பெயரில் ஆயத்த ஆடைகளை விற்கத் தொடங்கினார். கடைக்குள் வந்து, தொங்குவதில் ஒன்றை எடுத்து, காசு கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது அன்று பெரிய மாற்றம். இப்படி விலை இறங்கியதற்கு ஒரு முக்கியமான காரணம், உடம்பில் வைத்துப் பார்த்துத் திருத்தும் கட்டத்தை எடுத்துவிட்டதுதான். இன்று கொழும்பு பஷன் வீக்கில் காட்டப்பட்டு, பிறகு பூட்டிக்குகளில் தொங்கும் உடைகளும் இதே வழியில் வந்தவை. 2003 இல் தொடங்கிய அந்த நிகழ்வு நம் நாட்டின் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு மேடையைக் கொடுத்தது உண்மை. ஆனால் மேடையில் நடந்தவரின் உடம்பு நம் உடம்பு இல்லை. விட்டுப்போன அந்தக் கட்டத்தை வாங்கியவர்தான் முடித்துக்கொள்ள வேண்டும். அதனால் டிசைனர் ஆயத்த ஆடையை முக்கால் பங்கு முடிந்த உடையாகவே நான் பார்க்கிறேன். மிச்சக் கால் பங்கு நம் தையல்காரரின் மெஷினில் இருக்கிறது.

சைஸ் இலக்கம் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இலக்கங்கள் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அவற்றின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டோம். 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தார்கள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தத் தரவை அடியாக வைத்து 1958 இல் ஒரு சைஸ் தரநிலை வந்தது. உடம்புகளும் வியாபாரமும் அதைத் தாண்டிப் போய்விட, 1983 இல் அதுவும் கைவிடப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த அளவையே 10 என்றும் 12 என்றும் எழுதுகிறது. இந்தியாவில்கூட, இந்திய உடம்புகளுக்கென்று ஒரு அளவு அட்டவணை தேவை என்று தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது மிக அண்மையில்தான். ஆகவே 'நான் மீடியம்' என்று சொல்லிக்கொண்டு கடைக்குள் போக வேண்டாம். வீட்டிலேயே நன்றாகப் பொருந்தும் ஒரு சல்வார் மேற்சட்டையையோ ஹபாயாவையோ கட்டிலில் விரித்து, தோள் அகலம், மார்பு, இடுப்பு, தோளிலிருந்து கீழ் வரை நீளம், கை நீளம் ஆகிய ஐந்தையும் சென்ரிமீற்றரில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அளவு நாடாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை மண்டபங்களில் போட்டுப் பார்க்கும் இடம் பெரும்பாலும் திரைச்சீலை போட்ட ஒரு மூலைதான். ஹிஜாபைக் கழற்றிப் போட்டுப் பார்க்க மனம் வராத இடமாகவும் அது இருக்கலாம். அங்கே உடுப்பை மேசையில் விரித்து அளந்தாலே போதும், பாதித் தீர்மானம் முடிந்துவிடும்.

இனி இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறேன். உடுப்பைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை; நல்ல தையலை விற்பவர் அதைக் காட்டவே விரும்புவார். பக்கத் தையலில் இரண்டு துணிகள் சேர்ந்திருக்கும். தையலுக்கு வெளியே ஒவ்வொரு துணியிலும் எவ்வளவு மிச்சம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலையில் பெருந்தொகையாகத் தைக்கும் உடையில் இது பெரும்பாலும் 1 சென்ரிமீற்றர்தான். ஓவர்லொக் மெஷின் விளிம்பை வெட்டிச் சுற்றிவிடும், அதற்குமேல் ஒன்றும் இராது. கவனமாகச் செய்தவர்கள் பக்கத் தையலிலும் முதுகின் நடுத்தையலிலும் 2.5 சென்ரிமீற்றர் வரை விட்டிருப்பார்கள். இந்தச் சிறு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு இது: இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு துணி, மொத்தம் நான்கு விளிம்பு. ஒவ்வொரு விளிம்பிலும் 1 சென்ரிமீற்றரைத் தையலுக்கு மிச்சம் வைத்துவிட்டு 1.5 ஐ வெளியே விட்டால் சுற்றளவில் 6 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. அது ஒரு முழுச் சைஸுக்குக் கிட்டத்தட்டச் சமம். பிள்ளை பெற்ற பிறகும் அந்த உடுப்பு பொருந்தும். ஐந்து வருடம் கழித்து மகளுக்குக் கொடுத்தாலும் பொருந்தும். ஓவர்லொக் போட்டு வெட்டிய உடுப்பில் அந்த வசதி அறவே இல்லை. விலைச்சீட்டில் எழுதாத, ஆனால் விலைக்குப் பெறுமதியான பொருள் அந்த மடிப்புக்குள் இருக்கும் துணிதான்.

எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று நினைத்துவிடவும் கூடாது. கீழ்மடிப்பு, சாதாரணக் கையின் நீளம், இடுப்பு, பக்கங்கள்: இவை நம் ஊரில் எந்த நல்ல தையல்காரரும் செய்யக்கூடியவை. தோளும் கக்கமும் அப்படி இல்லை. தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையை முழுவதும் கழற்றி, கக்கத்தை மறுபடி வெட்டி, கையின் வளைவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதன் பிறகு அது வடிவமைத்தவரின் உடையாகவும் இராது, உங்கள் உடையாகவும் இராது. கழுத்து ஆழமாக இறங்கியிருந்தால் அதை உயர்த்தத் துணி இல்லை. கையின் நுனியில் மணிவேலையோ நூல்வேலையோ இருந்தால் நீளத்தைக் கீழேயிருந்து குறைக்க முடியாது, தோளிலிருந்து குறைக்க வேண்டியிருக்கும். மணிவேலை பக்கத் தையலைக் கடந்து ஓடினால் ஒவ்வொரு மணியையும் பிரித்துத்தான் பக்கத்தைப் பிடிக்க முடியும். சாட்டின், மெல்லிய பட்டு, தோல் ஆகியவற்றில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித்துளை அப்படியே தெரியும். மடிப்பில் துணி நிறைய இருந்தாலும் அங்கே வெளியே விட முடியாது. ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது: தோளுக்குச் சரியாகப் பொருந்துவதை எடுங்கள், மற்ற இடங்களில் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. பெரியதைப் பிடிப்பது இலகு. சிறியதை விடுவது மடிப்புக்குள் துணி இருந்தால் மட்டுமே நடக்கும்.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. வடிவமைத்தவர் யோசித்து வெட்டிய உடையை ஊர்த் தையல்காரரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது அதன் அழகைக் கெடுப்பதாகாதா, அப்படியானால் டிசைனர் உடை எதற்கு? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. பக்கத்தை அளவுக்கு மீறிப் பிடித்தால் விழுந்து தொங்க வேண்டிய துணி இறுகிப்போகும்; கீழ்மடிப்பை ஒரு சாண் வெட்டினால் உடை இருக்க வேண்டிய விகிதமே மாறும். ஆனால் இதே மறுப்பு எனக்குச் சாதகமாகவும் பேசுகிறது. பெரிய திருத்தம் தேவைப்படும் உடையை முதலிலேயே வாங்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். சிறு திருத்தம் கெடுப்பதில்லை. அது வடிவமைப்பின் ஒரு பகுதி. பாரிஸின் உயர்தையல் வீடு தன் வாடிக்கையாளருக்குச் செய்வதும் அதைத்தான். நம் ஊர்த் தையல்காரரின் கைமேல் நம்பிக்கை குறைவாக இருந்தால், முதலில் விலை குறைந்த ஒரு உடுப்பைக் கொடுத்து லைனிங்கோடு பக்கத்தைப் பிடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். லைனிங்கையும் மேல்துணியையும் தனித்தனியாகப் பிரித்துத் தைப்பவரா, இரண்டையும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுபவரா என்பது அதிலேயே தெரியும். கொழும்புக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் இங்கேதான் வருகிறது. 2021 ஆகஸ்டில் இந்திய ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜியும் எச் அண்ட் எம் நிறுவனமும் சேர்ந்து ஒரு ஆயத்த ஆடைத் தொகுப்பை வெளியிட்டார்கள். அவருடைய கல்யாண உடைகளைக் கனவிலும் வாங்க முடியாதவர்கள் ஒரு சேலையை 9,999 இந்திய ரூபாவுக்கு வாங்க முடிந்தது. தொகுப்பு மிக விரைவாக விற்றுத் தீர்ந்தது. உடனே இந்தியக் கைவினை அமைப்புகள் ஒரு திறந்த மடல் எழுதின. இந்தியக் கைவினை மரபிலிருந்து எடுத்த தோற்றத்தோடு வந்த அந்த உடைகள் கைவினைஞர்களால் செய்யப்பட்டவை இல்லை என்பதே அவர்களின் வருத்தம். அந்த வருத்தம் சரியானது என்றே நினைக்கிறேன். வாங்கியவர்களும் அதில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: வடிவமைப்பாளரின் பெயர், கை வேலைக்குச் சான்று இல்லை. பெயரும் வேலையும் வெவ்வேறு. இரண்டுக்கும் தனித்தனியே விலை போட வேண்டும். தையலைப் பொறுத்தவரை நாம் பெயரைப் பார்த்து மலைக்கவே தேவையில்லை. உலகின் பெரிய ஆடை நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுப்பது நம் நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் தொழில். அந்தத் தொழிற்சாலைகளில் தைப்பவர்கள் நம் நாட்டுப் பெண்கள். கொழும்பில் ஓடெல் என்ற கடை வளர்ந்த கதையும் அதோடு சேர்ந்ததுதான்: 1989 இல் ஒட்டாரா குணவர்தன ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளைத் தன் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கியதிலிருந்து அது வளர்ந்தது. நல்ல தையலை அறியும் கண் நம்மிடம் உண்டு. விளக்கொளியும் வாசனையும் பாட்டும் நிறைந்த மண்டபத்துக்குள் போனதும் அந்தக் கண் கொஞ்சம் தயங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

தையலுக்கு அடுத்தது துணி. நம் கரையில் கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து துணியைச் சோதிக்கும். நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், இந்த வருடம் வெயிலுக்கு வாங்கிய உடுப்பு சில வருடங்களில் மாரி மழைக்குள் வரும். அதிக விலையில் விற்கும் ஹபாயாக்களில் சொல்லப்படும் 'நிதா' துணி பெரும்பாலும் பொலியெஸ்டர்தான். அது கசங்காது, கறுப்பு மங்காது, அதற்காக வாங்கலாம், ஆனால் பருத்தி போல் வியர்வையை உறிஞ்சும் என்று எண்ணி வாங்கக் கூடாது. பத்திக் என்று சொல்லி விற்பதைத் திருப்பிப் பாருங்கள்: மெழுகு வைத்துச் சாயத்தில் தோய்த்த உண்மையான பத்திக்கில் நிறம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும், அச்சடித்ததில் உள்பக்கம் வெளிறியிருக்கும். கைத்தறி என்றால் கரையோரத்தைப் பாருங்கள். தறியில் துணி உள்வாங்காமல் இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசிபட்ட சிறு துளைகள் சமமற்ற இடைவெளியில் இருக்கலாம். ஊடை நூலில் அங்கங்கே தடிப்பும் மெலிவும் தெரியும். உடையாகத் தைத்த பின் கரை மறைந்துவிடுவது உண்டு, அப்போதும் மடிப்புக்குள் பார்த்தால் ஒரு துண்டாவது கிடைக்கும். ஆண்களுக்கு வாங்குபவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். பெருநாள் குர்தாக்களில் 'சில்க்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பெரும்பாலும் அது செயற்கை இழைதான். டிசைனர் விற்பனையில் அது அசல் பட்டாகவும் இருக்கலாம், அசல் பட்டு நம் ஆண்களுக்கு ஆகாது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் இழையின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியாக, வெளிர்நிறத் துணியை மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்து நம்ப வேண்டாம். வாசலுக்கு எடுத்துப் போய்ச் சூரிய ஒளிக்கு எதிரே பிடித்து, கைவிரல்கள் நிழலாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் துணிக்குப் பிறகு லைனிங் வைக்கலாம் என்பது பேச்சுக்கு இலகு. லைனிங் வைக்க உள்ளே இடமும் வேண்டும். மறுபடியும் அதே மடிப்பு, அதே துணி.

இவ்வளவு தூரம் போவானேன், மருதமுனை பக்கத்தில்தானே என்று கேட்பவர்களுக்கு நான் முழு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் கேட்பது சரியான கேள்வி. அக்கரைப்பற்றிலிருந்து நிந்தவூர், கல்முனை கடந்து கொஞ்சம் வடக்கே போனால் நாட்டில் பெயர்பெற்ற நெசவூர். சாறனும் சேலையும் அங்கே தலைமுறைகளாகத் தறியில் வந்தவை. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது நாடெங்கும் கைத்தறி நொடிந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்துப் போனது. 2022 இல் ஒரு டொலர் ஓரிரு மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. இத்தனைக்குப் பிறகும் தறிகள் ஓடுகின்றன என்பதே அந்த ஊரின் பெருமை. ஆகவே என் பதில் இது: கொழும்பு விற்பனையில் ஒரு உடையை எடுத்துப் பார்க்கும்போது, இதன் வெட்டை நம் தையல்காரர் மருதமுனைத் துணியில் செய்துவிட முடியுமா என்று யோசியுங்கள். நேராக வெட்டி, இரண்டு பக்கம் தைத்த கஃப்தானோ குர்தாவோ என்றால் முடியும். அதற்குப் பல மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. தோளிலிருந்து மூலைவாட்டில் விழும் வெட்டு, உள்ளே கன்வஸ் வைத்து நிமிர்த்திய ஜக்கெட், ஒரே துணியை மடித்து மடித்தே வடிவம் எடுத்த மேலங்கி போன்றவை யோசனைக்கும் பயிற்சிக்கும் விலை கேட்பவை, அவற்றுக்குக் கொடுக்கலாம். பார்த்துவிட்டு வந்து அதே வடிவத்தைத் தைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை சிலருக்கு வரும். அது வடிவமைத்தவரின் உழைப்பை எடுப்பது. அதை நான் பரிந்துரைக்கவில்லை.

இதே கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டிசைனர் உடையும் கைத்தறியும் எதிரெதிரானவை என்று எண்ண வேண்டியதில்லை. பார்பரா சன்சோனி 1964 இல் தொடங்கிய பெயார்ஃபூட், பெண்கள் நெய்யும் கைத்தறியின் நிறங்களையே தன் அடையாளமாக ஆக்கியது. 1991 இல் தொடங்கிய செலின், நியாய வணிகச் சான்றோடு கைத்தறி விற்கிறது. நம் ஆண்கள் வீட்டில் கட்டும் சாறனையே நகரத்து உடையாக மாற்றி விற்கிறது லோவி சிலோன். விற்பனை மண்டபத்தில் ஒரு கைத்தறி உடையைக் கையில் எடுத்ததும், இது எந்த ஊரில் நெய்தது என்று கேளுங்கள். ஊரின் பெயரைத் தயங்காமல் சொல்பவரிடம் வாங்குங்கள். இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கத் தொடங்கினால், மருதமுனை என்ற பெயர் விலைச்சீட்டில் எழுதப்படும் நாள் வரும். அதற்கு வாங்குபவரைத் தவிர வேறு யாராலும் வற்புறுத்த முடியாது.

இப்படி விலை கொடுத்து வாங்குவது வீண்விரயம் அல்லவா என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் எழும், எழவும் வேண்டும். இஸ்ராப் என்று நம் பெரியவர்கள் எச்சரிப்பது வெறும் விலையைப் பற்றியது இல்லை, பயனில்லாமல் போவதைப் பற்றியது. 30,000 ரூபாவுக்கு வாங்கி ஒரு கல்யாணத்தோடு பெட்டிக்குள் போகும் உடை ஒரு தடவைக்கு 30,000. அதே விலையில் மடிப்பில் துணியோடு வாங்கி, பத்து வருடத்தில் அறுபது தடவை போட்டு, பிறகு மகளுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுத்த உடை ஒரு தடவைக்கு 500. திருத்தக்கூடிய உடை என்பது இந்த இடத்தில் மார்க்கக் கடமையோடும் ஒத்துப்போகிறது. ஆனால் இந்தக் கணக்கைச் சாட்டாக வைத்துத் தேவைக்கு மேல் வாங்கவும் கூடாது. அறுபது தடவை போடுவேன் என்பது வாக்குறுதி, நடந்தால்தான் அது கணக்கு. உங்கள் ஊரில் உண்மையில் எங்கே போடுவீர்கள் என்று மூன்று இடமாவது சொல்ல முடியாத உடையை எடுக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து சந்தோஷமாகப் போகும் இடத்தில் இவ்வளவு கணக்கா என்று சிலர் மனம் சலிக்கலாம். கணக்கை வீட்டில் முடித்துவிட்டுப் போனால் மண்டபத்தில் சந்தோஷத்துக்குத் தடையில்லை. தொகையை முன்கூட்டியே தீர்மானித்து, காசாகக் கொண்டுபோங்கள். வங்கி அட்டைக்குத் தவணை, கழிவு என்று அங்கே சொல்வதெல்லாம் வட்டியிலோ கட்டணத்திலோ போய் முடியாதா என்று நின்று வாசிக்க அந்தக் கூட்டத்தில் நேரம் கிடைக்காது.

பணம் கொடுக்கும் இடத்தில் இன்னும் சில விடயங்கள். ஓரிரு நாள் நடக்கும் விற்பனையில் மூன்றாம் நாள் அந்த மேசை அங்கே இருக்காது. ஆகவே பற்றுச்சீட்டில் விற்பவரின் நிலையான முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும், விலையைத் தெரியும்படி காட்டுவதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை, தயவு இல்லை. விலைச்சீட்டில் உள்ளது பெறுமதி சேர் வரியோடு சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம், கடைசி நேரத்தில் சேர்ந்தால் உங்கள் தொகை உடைந்துவிடும். உங்கள் சைஸ் இல்லை, முற்பணம் தந்தால் தைத்து அனுப்புகிறோம் என்று சொன்னால், அளவு, நிறம், துணி, அனுப்பும் திகதி, கூரியர் செலவு யாருடையது என்பவற்றை எழுதி வாங்குங்கள். அளவு எழுதும்போது பக்கத் தையலில் 2.5 சென்ரிமீற்றர் விட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தைத்துத் தருபவருக்கு இது பெரிய வேலையில்லை. கேட்காதவருக்கு அவர் விடுவதும் இல்லை. சிக்கல் வந்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்தில் முறைப்பாடு செய்வதானால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஊர் தூரம் என்று தள்ளிப்போட்டு அந்த உரிமையை இழப்பவர்கள் நம்மைப் போல் வெளி மாவட்டத்தில் இருப்பவர்கள்தான்.

எந்த நாள் போவது என்பதற்கும் தூரமே விடை சொல்கிறது. கடைசி நாள் கழிவு கூடும், ஆனால் உங்கள் தோளுக்குப் பொருந்துவது போயிருக்கும். மிஞ்சியதை வாங்கிவந்து திருத்தும் செலவு கழிவைத் தின்றுவிடும். முதல் நாள் காலையில் போங்கள். பெருநாளுக்கு என்றால் நோன்பு பிறப்பதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. நோன்பு பாதியைத் தாண்டினால் நம் ஊரில் தையல்காரர்கள் பலர் வேலை நிறைந்து புதிதாக எதையும் எடுப்பதில்லை. திருத்த வேலையோ அவர்களுக்கு எப்போதும் கடைசி. ஊருக்கு வந்த வாரத்திலேயே உடுப்பைக் கொண்டுபோங்கள். எந்தச் செருப்போடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் கீழ்மடிப்புக்கு அளவு கொடுக்க வேண்டும். மிஞ்சும் துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வெட்ட வேண்டியே வந்தால் அந்தத் துண்டையும், உள்ளே ஊசியில் குத்தித் தந்த மிச்சப் பட்டனையும் நூலையும் ஒரு சிறு உறையில் போட்டு, உடுப்பின் பெயரை மேலே எழுதி, அதே அலுமாரியில் வையுங்கள்.